கிளெனிஸ் அன்ரி சாப்பிடுறா, கதவைத் திறக்காதேங்கோ

"இதில் என்ன இருக்கு" என்று சொல்லித் தொடங்கிய எந்த வேலையும் எனக்கு ஒழுங்காக முடிந்ததில்லை. சைக்கிளுக்குச் செயின் மாட்டியது, மலரின் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டது, எல்லாம் அந்த வரிசைதான். அவற்றில் சாமான்தான் பழுதானது. ஒரேயொரு தரம், ஒரு நல்ல மனிசியின் செத்தவீட்டில், அவருடைய குசினியில், அவருடைய அடுப்புக்கு முன்னால் நின்று, "பாணும் சீஸும்தானே, இதில் என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அதைத்தான் எழுதப் போகிறேன். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம். எனக்கு இன்றைக்கும் பாதிச் சிரிப்புத்தான் வருகிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஊரில் நிலைமை கெட்ட பிறகு நானும் மனைவி மலரும் ஓக்லண்டுக்கு வந்து, ஏவன்டேலில் ஒரு பழைய பலகை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். (ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி ஆடும். வாடகை குறைந்ததற்கு அதுதான் காரணம்.) ஊரில் நான் கணித வாத்தியார். இங்கே மவுண்ட் வெல்லிங்டனில் மட்டைப் பெட்டி செய்கிற ஃபாக்டரியில் வேலை. மலருக்கு மனுகாவில் ஒரு கடைத்தொகுதியில் துப்புரவு வேலை. சனிக்கிழமையும் போக வேண்டும்.

பக்கத்து வீட்டில் கிளெனிஸ் அன்ரியும் அவருடைய கணவர் ஐவர் அங்கிளும் இருந்தார்கள். ("ஐவர் எண்டு பேர், ஆள் ஒராள்தானே" என்று மலர் முதல் நாளே சொல்லிவிட்டாள்.) கலியாணம் முடித்த கையோடு வேல்ஸிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றார்கள். வயதில் மூத்தவர்களை அப்படிக் கூப்பிட எங்களுக்கு வாய் வரவில்லை, அதனால் அன்ரி, அங்கிள். ஒரு தரம் நான் அவர்களை இங்கிலீஷ்காரர் என்று சொல்லிவிட்டேன். அன்ரி என்னை வேலியில் நிறுத்திவைத்துத் தன் நாட்டுச் சரித்திரம் முழுவதும் சொல்லி முடித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. என்னைச் சிங்களவர் என்று நினைக்கிறவர்களுக்கு நானும் அதே அளவு நேரம் எடுக்கிறவன்தான்.

(அவர்கள் பேசியது ஆங்கிலம். இந்தக் கதையை வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லி இப்போது எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைக்கிறார்கள். என்னால் மாற்ற முடியாது.)

சனிக்கிழமை பின்னேரங்களில் அன்ரி ஒரு சாமான் செய்வார். சீஸைக் குழம்பு மாதிரி உருக்கி, வாட்டிய பாண் துண்டின் மேல் ஊற்றி, மேலே பழுப்புப் புள்ளி விழும்வரை அடுப்பில் மேலிருந்து சுடுகிற கிரிலின் கீழ் வைத்து எடுப்பது. வேல்ஸ் சாப்பாடு. புருஷனும் மனைவியும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதைச் சாப்பிடுவார்கள். எங்களுக்கும் வேலிக்கு மேலால் ஒரு தட்டு வரும். மலருக்கு அந்த மணம் ஒத்துவராது. அவளுடைய பங்கையும் நான்தான் சாப்பிடுவேன்.

அந்த முதல் வருஷத்திலேயே என் அப்பா ஊரில் செத்துப்போனார்.

தந்தி எங்கெல்லாமோ சுற்றிவிட்டு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூத்த பிள்ளை நான். கொள்ளி வைத்தது மச்சான். எட்டுச் செலவும் முடிந்துவிட்டது. எட்டுச் செலவு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருவர் போன எட்டாம் நாள், அவர் உயிரோடு இருந்தபோது ஆசைப்பட்டுச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் படைத்து, விளக்கேற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். போனவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடுவார். இடையில் கதவைத் திறந்தால் அரை வயிற்றோடு எழும்பிப் போய்விடுவார். அப்பாவுக்குப் பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியல் கூழ் என்றால் உயிர். அதைத் தங்கச்சி வைத்திருக்கிறாள். அந்த நேரம் நான் இங்கே ஒன்றும் தெரியாமல் பெட்டி மடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மலர் சமைத்தது எதுவும் இறங்கவில்லை.

அன்ரி கேள்விப்பட்டு அந்தத் தட்டோடு வந்தார். எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, சாப்பிடு என்றார். சாப்பிட்டேன். பிறகு உன் அப்பாவுக்கு என்ன விருப்பம் என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. நான் கூழில் தொடங்கி எட்டுச் செலவு வரைக்கும், கதவு சாத்துவது வரைக்கும் எல்லாம் சொன்னேன். அன்ரி கவனமாகக் கேட்டார்.

"நல்ல பழக்கம். எங்கட சேர்ச்சில ஒரு பாட்டுப் பாடிப்போட்டுத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிடுவினம். எனக்கு ஆர் சாப்பாடு வைப்பினம்?"

"நான் வைக்கிறன் அன்ரி."

"என்னத்தை வைப்பாய்?"

"இதைத்தான்" என்று தட்டைக் காட்டினேன்.

"அப்ப சூடா வை. ஆறினால் இதை ஒருத்தரும் சாப்பிடேலாது."

இருவரும் சிரித்தோம். ஆனால் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

இதற்கிடையில் ஒரு பியர்ப் பெட்டியின் கதையையும் சொல்ல வேண்டும். கிறிஸ்மஸுக்கு ஃபாக்டரியில் ஆளுக்கொரு பெட்டி பியர் தந்தார்கள். நான் குடிப்பதில்லை. அதை வேலிக்கு மேலால் ஐவர் அங்கிளிடம் நீட்டினேன். அவர் ஒரு தரம் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தங்கள் ஃபிரிட்ஜில் இடமில்லை, உன்னுடைய கராஜிலேயே இருக்கட்டும் என்றார். பிறகு அடிக்கடி என் கராஜில் உள்ள ஆயுதங்களைப் பார்க்க வருவார். என்னிடம் இருந்தது ஒரு சுத்தியலும் ஒரு குறடும். அவற்றைப் பார்க்க அவருக்கு நல்ல நேரம் எடுக்கும். போத்தல்கள் குறைந்தபோது, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புருஷனும் மனைவியும் சேர்ந்து குடிக்கிறார்கள், நல்ல ஒற்றுமையான குடும்பம் என்று நினைத்தேன். ஊரில் பிள்ளைகளுக்குத் தர்க்கம் படிப்பித்தவன் நான்.

அடுத்த குளிர்காலத்தில் அன்ரி செத்துப்போனார். உடுப்புக் காயப்போடப் போனவர், கொடிக்குக் கீழேயே விழுந்துவிட்டார். மகள் மேகன் ஹமில்டனிலிருந்து வந்து நின்றாள். சேர்ச்சில் பாட்டுப் பாடினார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போனார்கள். அன்ரி சொன்ன மாதிரியே நடந்தது. ஐவர் அங்கிள் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தவர் இருந்தபடி. மேகன் வைத்த சாப்பாடெல்லாம் அப்படியே திரும்பி வந்தது.

எட்டாம் நாள் சனிக்கிழமையில் விழுந்தது. அன்ரி அந்தச் சாமான் செய்கிற அதே நாள். அப்பாவின் எட்டு என் கையைவிட்டுப் போனது. இதையும் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

செய்முறைதான் தெரியாது. அங்கிளிடம் கேட்க மனம் வரவில்லை. ஃபாக்டரியில் என் பக்கத்து மெஷினில் நிற்கும் டெரெக்கிடம் கேட்டேன். (டெரெக் இங்கிலீஷ்காரன். அன்ரியின் சரித்திரப் பாடத்தை நான் எவ்வளவு படித்தேன் என்பது இதிலிருந்து தெரியும்.) அவன் விரல் மடித்துச் சொன்னான்: பட்டரில் கொஞ்சம் மாவை வறுத்து, சீவின சீஸைப் போட்டு உருக்கி, ஒரு கரண்டி கடுகும் அரைக் கோப்பை பியரும் விட வேண்டும். பியர் இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை என்று அடித்துச் சொன்னான்.

மலரிடம் சொன்னேன். பியருக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. எட்டுக்குச் சாராயம், சுருட்டு எல்லாம் வைக்கிற ஊர்தானே எங்களுடையது. நான் சமைப்பதுதான் அவளுக்குக் கவலை.

"இஞ்சேருங்கோ, நான் வேலையால வந்து செய்யிறன். செத்தவ எண்டாலும் வாயில வைக்கக்கூடியதா வைக்கோணும்."

"நீ வர இருட்டிப்போடும். பாணும் சீஸும்தானே, இதில என்ன இருக்கு" என்றேன்.

படையலைப் போனவர் வீட்டில்தான் வைக்க வேண்டும். பின்னேரம் சீஸ் கட்டி, பாண், மலரின் கடுகுப் போத்தலும் தாளிப்புச் சாமானும், கராஜில் மிஞ்சியிருந்த கடைசிப் பியர்ப் போத்தல், குத்துவிளக்கு எல்லாவற்றையும் ஒரு மட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனேன். மேகன் கடைக்குப் போயிருந்தாள். அங்கிளிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டாரோ இல்லையோ, உன் விருப்பப்படி செய் என்றார்.

அன்ரியின் குசினி அவர் விட்டுப்போனபடியே துடைத்து மினுங்கியது. நான் மரியாதையாகச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அந்தக் குசினிக்கு நான் காட்டிய கடைசி மரியாதை அது.

கடுகில்தான் முதல் பிழை. டெரெக் சொன்னது போத்தலில் வருகிற மஞ்சள் பசை. எனக்குத் தெரிந்தது மலரின் போத்தலில் இருக்கும் கறுப்புக் கடுகு. அதைப் பச்சையாகப் போட எந்தத் தமிழனுக்குக் கை வரும்? எண்ணெயைக் கொதிக்கவிட்டு வெடிக்கவைத்தேன். கடுகு வெடித்தால் கை சும்மா இருக்காது. வெங்காயம் போட்டேன், செத்தல் மிளகாய் கிள்ளிப் போட்டேன், ஊரிலிருந்து வந்த காய்ந்த கறிவேப்பிலையும் விழுந்தது. அந்தக் கொதியிலேயே பியரையும் ஊற்றினேன். அது புஸ் என்று எழும்பி அன்ரியின் வெள்ளைத் திரைச்சீலை வரைக்கும் போனது. சீஸைச் சீவ மறந்துபோனேன், கட்டி கட்டியாக வெட்டிப் போட்டேன். அது உருகிக் கயிறாகி, அகப்பையைத் தூக்கினால் சட்டியும் கூடவே வந்தது. எப்படியோ ஆறு துண்டுப் பாணில் அதை இழுத்து ஒட்டி கிரிலின் கீழ் தள்ளினேன்.

அடுத்தது படம். சுவரில் இருந்தவற்றில் எல்லாம் அங்கிளும் கூட நின்றார். உயிரோடு இருக்கிறவரின் படத்தைப் படையலில் வைக்கக் கூடாது. தேடித் தேடி, அன்ரி தனியாக நிற்கும் ஒரு படத்தைக் கண்டுபிடித்தேன். நெஞ்சில் ஒரு வெள்ளை ரிபன், கையில் ஒரு வெள்ளிக் கோப்பை, முகம் நிறையச் சிரிப்பு. கோப்பையைக் கண்டதும், பியருக்குப் பொருத்தமான படம் என்று எனக்குள் ஒரு திருப்தி.

குசினி மேசையில் படம், விளக்கு, சாம்பிராணிக் குச்சி, இரண்டு துண்டு டோஸ்ட். பக்கத்தில் நுரையோடு ஒரு கிளாஸ் பியர், அதற்குப் பக்கத்தில் பாதிப் போத்தல். மிச்ச நான்கு துண்டையும் கிரிலின் கீழேயே விட்டேன். சூடா வை என்றல்லவா சொல்லியிருந்தார். கும்பிட்டேன். அங்கிளைக் கையில் பிடித்து எழுப்பி வெளிவாசலுக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் படியில் நின்றோம். மனம் நிறைந்திருந்தது. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அங்கிள் மூக்கை உறிஞ்சினார். ஏதோ எரிகிற மணம் என்றார். சாம்பிராணி என்றேன். பிறகு ஜன்னலுக்குள்ளே கறுப்பாக ஏதோ போனது.

"அடுப்பில ஏதாவது விட்டனியோ?" என்று கேட்டார்.

விட்டிருந்தேன். அது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. ஓடிப்போய்க் கதவுப்பிடியில் கையும் வைத்துவிட்டேன். ஆனால் திறக்கவில்லை. இதை எத்தனையோ பேருக்கு விளங்கப்படுத்தப் பார்த்திருக்கிறேன், ஒருவருக்கும் விளங்கவில்லை. பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானமும் படிப்பித்த ஒருவன், நெருப்புப் பிடிக்கப் போகிற வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, கதவைத் திறந்தால் ஒரு மனிசி அரை வயிற்றோடு எழும்பிப் போவாவே என்று பயந்துகொண்டிருந்தான். எனக்கு வேறு எட்டுக் கிடைக்காது என்று அந்த நேரம் பட்டது. அவ்வளவுதான்.

"அங்கிள், கொஞ்சம் பொறுங்கோ. அன்ரி சாப்பிடுறா. கதவைத் திறக்காதேங்கோ."

அங்கிள் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, ஓம், அவள் எப்போதும் மெதுவாகத்தான் சாப்பிடுவாள் என்று சொல்லிவிட்டு, அதே இடத்தில் நின்றார்.

அப்போதுதான் மேகனின் கார் வந்து நின்றது. இரண்டு ஆண்கள் மழைக்குள் நிற்கிறார்கள், ஒருவன் சப்பாத்தும் இல்லாமல். பின்னால் குசினி ஜன்னலின் விளிம்பெல்லாம் புகை.

"டாட், ஏன் வெளியில நிக்கிறீங்கள்? உள்ள என்ன நடக்குது?"

"உன்ர அம்மா சாப்பிடுறா" என்றார் அங்கிள். மழையைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

மேகன் சாமான் பையைப் போட்டுவிட்டு எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். கிரிலை நிறுத்தி, கரிந்த தட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் எறிந்து, ஜன்னல்களைத் திறந்தாள். புகை விலகத்தான் மேசையைக் கண்டாள். படத்தையும் பியரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது மதுவிலக்குச் சங்கம் அம்மாவுக்குக் கப் குடுத்த படம்" என்றாள் கடைசியில்.

வெள்ளை ரிபன் என்ன என்று அவள் சொல்லித்தான் அறிந்தேன். மது தொடமாட்டேன் என்று சத்தியம் செய்த சேர்ச் பெண்கள் குத்திக்கொள்வதாம். அன்ரி பதினாறு வயதில் குத்தியவர். அந்த வீட்டு வாசலுக்குள் ஒரு துளி பியர் வந்ததில்லை. அந்தச் சாப்பாட்டுக்கும் பால்தான் ஊற்றுவாராம். அப்படிப்பட்ட மனிசியின் எட்டுக்கு, அவர் கையில் கப்போடு சிரிக்கிற படத்துக்கு முன்னால், நான் விளக்கேற்றி நுரைபொங்கப் பியர் வைத்திருக்கிறேன். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்தேன். ஏவன்டேல் மண் அப்படியெல்லாம் லேசில் பிளக்காது.

போத்தலைப் பற்றி மேகன் கேட்டாள். என் வாயிலிருந்து கராஜ் என்ற சொல் மட்டும் வந்தது. அங்கிளின் முகம் வெளுத்துவிட்டது. அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"நான் அவளுக்கு ஒளிச்சுப்போட்டன், மேகன்" என்றார்.

மேகன் தகப்பனுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியும் டாட். கிறிஸ்மஸுக்கே எனக்குச் சொன்னவ. பக்கத்து வீட்டுப் பெடியன்ர சுத்தியலைப் பாக்கப் போறார், போகட்டும், பாவம் எண்டு சொன்னவ."

அங்கிளின் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது. கிளாஸை எடுத்தார். படத்துக்கு நேரே கொஞ்சம் உயர்த்தி, தன் சொந்த வீட்டில், தன் மனைவிக்கு முன்னால் வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு மிடறு பியர் குடித்தார். பிறகு டோஸ்ட் ஒன்றைக் கடித்தார். நன்றாக மென்றார். கடுகு ஒன்று பல்லில் அகப்பட்டது, செத்தல் மிளகாய் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. இது அவள் செய்வது மாதிரிக் கொஞ்சமும் இல்லை என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் சாப்பிட்டார். அந்த எட்டு நாளில் அவர் முடித்த முதல் சாப்பாடு அது.

பிறகு என்னிடம் திரும்பி, உன் அப்பா குடிப்பாரா என்று கேட்டார். பனங்கள்ளுக்குப் போவார், அம்மாவுக்குத் தெரியாமல் என்றேன். அங்கிள் எழும்பி இன்னொரு கிளாஸ் எடுத்து, போத்தலில் மிஞ்சியதை ஊற்றி, மற்ற டோஸ்டோடு படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உன்ர அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார். "இது அவருக்கு. கதவைச் சாத்து."

மூன்று பேரும் திரும்ப மழைக்குள் போய் நின்றோம். அப்பா செத்ததற்கு அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன். மேகன் என் முதுகைத் தடவிவிட்டாள். அந்த நேரம் பார்த்து மலர் வேலையால் வந்தாள். அன்ரிக்காக அழுகிறோம் என்று நினைத்து அவளும் அழுதாள். பிறகு உள்ளே போய்த் திரைச்சீலையைப் பார்த்துவிட்டு வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

எங்கள் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், கேட்டதற்கு ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வார்கள். ஆனால் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் இருக்கையில் நாங்கள் தட்டினால் மட்டும், "கிளெனிஸ் அன்ரி சாப்பிடுறா" என்று சுத்தத் தமிழில் குரல் கொடுப்பார்கள். என்னை யாரும் அடுப்புக்குக் கிட்டே விடுவதில்லை. அதில் எனக்கு மனவருத்தம் ஒன்றுமில்லை.

அந்தப் பத்தாண்டு முடிகிற நேரம் ஐவர் அங்கிள் ஜன்னலோரக் கதிரையிலேயே போய்ச் சேர்ந்தார். சேர்ச், பாட்டு, தேத்தண்ணி. மேகன் ஹமில்டனுக்குத் திரும்பிவிட்டாள். இனி அந்த வீட்டை விற்றுவிடுவாள், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளில் ஃபோன் வந்தது.

"டாடின்ர எட்டாம் நாள் எந்தக் கிழமை வருது? நீங்கள் எண்ணுற மாதிரி எண்ணிச் சொல்லுங்கோ. பியர் நான் கொண்டுவாறன். அம்மாவுக்கும் ஒரு தட்டு வையுங்கோ, அதைப் பால் விட்டுச் செய்யுங்கோ. உங்கட அப்பாவுக்கும் ஒண்டு."

எண்ணிச் சொன்னேன். அவள் ஃபோனை வைக்கவில்லை.

"இன்னொண்டு" என்றாள். "இந்த முறை கிரிலை நிப்பாட்டிப்போட்டுக் கதவைச் சாத்துங்கோ."